பாரிஸ் மெட்ரோவில் முதல் தடவை ஏறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிஸ் மெட்ரோவில் வழி தவறுவது அவ்வளவு சுலபமில்லை. நகருக்குள் எங்கே நின்றாலும் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு ஸ்டேஷன் வந்துவிடும். 300-க்கும் மேற்பட்ட ஸ்டேஷன்கள், 1 முதல் 14 வரை லைன்கள், கூடவே 3பிஸ், 7பிஸ் என்று இரண்டு குட்டி லைன்கள், ஒவ்வொன்றுக்கும் தனி நிறம், தெளிவான போர்டுகள். அப்படி இருந்தும் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் காசையும் நேரத்தையும் விட்டுவிட்டுப் போகிறார்கள். அது பெரும்பாலும் ரயிலுக்குள் நடப்பதில்லை. டிக்கெட் மெஷின் முன்னால் நிற்கும்போதும், போனில் ஸ்டேஷன் பெயரைத் தேடும்போதுமே நடந்து முடிந்துவிடுகிறது. அதனால் அந்த இரண்டையும் பற்றித்தான் இங்கே அதிகம்.

முதலில் டிக்கெட். லண்டனிலிருந்து யூரோஸ்டார் ரயிலில் வந்து கார் து நோர் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள் அங்கே பழகிய தோஷத்தில் வங்கி அட்டையை நேராக கேட்டில் வைப்பார்கள். பாரிஸ் மெட்ரோ கேட்டில் அது வேலை செய்யாது. நவிகோ ஈசி என்ற 2 யூரோ அட்டையை வாங்கி அதில் டிக்கெட்டுகளை ஏற்றிக்கொள்ள வேண்டும், அல்லது போனில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஐபோனிலும் 2024 மே மாதத்திலிருந்து இந்த வசதி இருக்கிறது. ஆனால் ஓர் அட்டையில் பத்து டிக்கெட் ஏற்றியிருந்தாலும் ஒரு பயணத்துக்கு ஒருவர்தான் அதில் போகலாம். அப்பா தட்டிவிட்டு உள்ளே போய், அதே அட்டையை அம்மாவுக்கு நீட்டி அவரையும் உள்ளே அழைப்பது விதிப்படி தவறு. நான்கு பேர் என்றால் நான்கு அட்டை. போனும் அப்படித்தான், ஆளுக்கு ஒன்று வேண்டும். நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இலவசம், பத்து வயது முடியாத பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம்.

பழைய பயண வீடியோக்களைப் பார்த்துக் கிளம்புவது அடுத்த தவறு. பத்து டிக்கெட் கட்டு வாங்குங்கள், டிஸ்னிலேண்டுக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் தூரத்தைப் பொறுத்துத் தனி டிக்கெட் வாங்குங்கள் என்று அவற்றில் சொல்லியிருப்பார்கள். 2025 ஜனவரி 1 முதல் அந்தக் கணக்கெல்லாம் போய்விட்டது. மெட்ரோ, ஆர்இஆர் (நகரையும் புறநகரையும் இணைக்கும் வேக ரயில்), புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட், 2.50 யூரோ, பாரிஸ் வட்டாரம் முழுவதும் எவ்வளவு தூரம் போனாலும் அதே விலைதான். இங்கே சொல்லும் விலைகள் எல்லாம் 2025-இல் இருந்தவை, ஜனவரி தோறும் கொஞ்சம் ஏறும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிக்கெட்டில் இரண்டு மணி நேரத்துக்குள் லைன் மாறி மாறிப் போகலாம், ஆனால் கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. பஸ்ஸுக்கும் டிராமுக்கும் வேறு டிக்கெட், 2 யூரோ. மெட்ரோவிலிருந்து இறங்கி அதே டிக்கெட்டில் பஸ்ஸில் ஏற முடியாது.

இதில் ஒரு பெரிய விதிவிலக்கு விமான நிலையம். அதற்கு 13 யூரோ டிக்கெட். சார்ல் து கோல் விமான நிலையத்துக்கு ஆர்இஆர் பி ரயிலில் போகிறவர்களுக்கு இது ஓரளவு தெரிந்திருக்கும். ஓர்லி விமான நிலையத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 2024 ஜூனில் 14-ஆம் லைனை ஓர்லி வரை நீட்டிவிட்டார்கள், பார்த்தால் சாதாரண மெட்ரோ, ஏறும்போது 2.50 டிக்கெட்டுக்கு கேட்டும் திறக்கும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் ஓர்லிக்கு அது செல்லாத டிக்கெட், பரிசோதகர் பிடித்தால் அபராதம்தான். விமானத்தைப் பிடிக்க ஓடுகிற நேரத்தில் அவர்களோடு பேசிக்கொண்டு நிற்கும் நிலைமை யாருக்கும் வேண்டாம்.

வாரப் பாஸ் வாங்கலாமா என்பது நீங்கள் வந்து இறங்கும் கிழமையைப் பொறுத்தது. இதை யாரும் முன்கூட்டியே யோசிப்பதில்லை. 31.60 யூரோ நவிகோ வாரப் பாஸில் விமான நிலையங்கள் உட்பட எல்லா இடத்துக்கும் போகலாம். ஆனால் அந்த வாரம் திங்கள் தொடங்கி ஞாயிறு இரவோடு முடிகிற வாரம், வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் கிடையாது. அந்தந்த வாரத்துக்கான பாஸை வியாழன் வரைதான் விற்பார்கள், வெள்ளிக்கிழமை வாங்கினால் அடுத்த வாரத்துக்குத்தான். திங்களன்று வந்து சனியன்று கிளம்புகிறவருக்கு விமான நிலையம் போக வர மட்டுமே தனி டிக்கெட்டில் 26 யூரோ ஆகிவிடும், அதன் மேல் ஐந்து மெட்ரோ பயணம் சேர்ந்தால் 38.50. பாஸும் அதற்கான 5 யூரோ அட்டையும் சேர்த்தே 36.60தான், அப்புறம் எத்தனை தடவை ஏறி இறங்கினாலும் செலவில்லை. அதே ஆள் வியாழன் மாலை வந்து செவ்வாயன்று திரும்புகிறார் என்றால் பாஸ் வீண், தனி டிக்கெட்டே நல்லது. இன்னொன்று, அந்த அட்டையில் இரண்டரை சென்டிமீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் அளவில் ஒரு போட்டோ ஒட்டி, பெயர் எழுத வேண்டும். போட்டோ இல்லாத அட்டைக்கும் அபராதம் உண்டு, ஊரிலிருந்தே எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஒரு நாள் பாஸ் 12 யூரோ. அன்றைக்கு ஐந்து தடவையாவது ஏறினால்தான் லாபம், அதிலும் விமான நிலையம் சேராது.

நான்கு பெரியவர்கள் பெட்டிகளோடு வந்து இறங்கினால் இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். சார்ல் து கோலிலிருந்து ரயிலுக்கு நான்கு பேருக்கும் சேர்த்து 52 யூரோ. அங்கிருந்து சேன் நதியின் வலது கரைக்கு டாக்சியின் நிர்ணயக் கட்டணம் 56, இடது கரைக்கு 65. டாக்சி வரிசையில் போய் நில்லுங்கள், உள்ளே வந்து “டாக்சி வேண்டுமா” என்று கேட்கிறவர்களோடு போகாதீர்கள்.

அடுத்தது ஸ்டேஷன் பெயர்கள். ஊருக்குள் சார்ல் து கோல் எத்துவால் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, வெற்றி வளைவு அங்கேதான். விமான நிலையம் போகிறவர் போனில் “சார்ல் து கோல்” என்று மட்டும் அடித்தால் இதுவும் சேர்ந்து வரும். பாதிப் பெயரைப் பார்த்து இதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், விமானத்துக்கு நேரம் நெருங்கும்போது ஊருக்கு நடுவில் நிற்க வேண்டியதுதான். செயின்ட் தெனியும் அப்படித்தான். ஸ்ட்ராஸ்பூர் செயின்ட் தெனி நகருக்கு நடுவில், அரசர்களின் கல்லறைகள் இருக்கும் பசிலிக்கா தேவாலயமும் கால்பந்து மைதானமும் வடக்கே வேறு ஊரில். லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு லூவ்ர் ரிவோலியில் இறங்க வேண்டாம், பெயரைப் பார்த்து ஏமாறாமல் ஒரு ஸ்டேஷன் தாண்டி பாலே ரோயால் மூசே து லூவ்ரில் இறங்கினால் கண்ணாடிப் பிரமிடுக்குப் பக்கம். சாப்பாட்டுக்கும் சேலைக்கும் தமிழ்க் கடைகளைத் தேடி வருகிறவர்களுக்கு வேண்டியது 2-ஆம் லைனில் இருக்கிற லா சப்பல். 12-ஆம் லைனில் இருக்கிற போர்த் து லா சப்பல் அதற்கு ஒன்றரை கிலோமீட்டர் வடக்கே. கார் து நோரில் இறங்கியிருந்தால் மெட்ரோவே வேண்டாம், ஃபோபூர் செயின்ட் தெனி தெருவில் மேலே நடந்தால் கடைகள் வந்துவிடும்.

திசையைக் காட்ட வடக்கு, தெற்கு என்று எழுதியிருக்க மாட்டார்கள், கடைசி ஸ்டேஷனின் பெயர்தான் இருக்கும். அதனால் லைன் எண்ணோடு கடைசி ஸ்டேஷன் பெயரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 7, 13 ஆகிய லைன்கள் பாதியில் இரண்டாகப் பிரியும். பசிலிக்கா போக 13-இல் ஏறினால் ரயிலின் முகப்பில் செயின்ட் தெனி யுனிவெர்சிதே என்று இருக்க வேண்டும். மாறி ஏறிவிட்டால் லா ஃபூர்ஷில் இறங்கி அடுத்த ரயிலைப் பிடிக்கலாம். ஆர்இஆர் பி-யில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் விமான நிலையம் போகிற ரயிலும் மித்ரி கிளே போகிற ரயிலும் ஒரே பிளாட்பாரத்தில் வரும். தலைக்கு மேலே தொங்கும் போர்டில் விமான நிலையத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். தவறாக ஏறிவிட்டால் ஓல்னே சூ புவா ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும், அங்கேதான் பாதை பிரிகிறது.

மெட்ரோ வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரிகிற மாறுமிடம் எல்லாம் சின்னது இல்லை. ஷாத்தலே, மோன்பர்னாஸ் இரண்டிலும் ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்கு மாறச் சுரங்கத்துக்குள் பத்து நிமிடம்கூட நடக்க வேண்டி வரும். போனில் வழி காட்டும் ஆப் “ஒரே ஒரு மாற்றம்” என்று காட்டினாலும், வேறு இடத்தில் மாறும் வழி ஐந்து நிமிடம் அதிகமாக இருந்தாலும் அதையே எடுங்கள், கால் மிச்சம். மூட்டு வலி உள்ள அப்பா அம்மாவைக் கூட்டி வருகிறவர்கள் தயவுசெய்து இதை முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 1900-இல் தொடங்கிய மெட்ரோ இது, பழைய ஸ்டேஷன்களில் பெரும்பாலும் படிக்கட்டுதான், லிஃப்ட் முழுமையாக உள்ள மெட்ரோ லைன் 14 மட்டுமே. மோன்மார்த்ர குன்றுக்குப் போகும் அபெஸ் ஸ்டேஷன் 36 மீட்டர் ஆழம். அங்கே லிஃப்ட் இருக்கிறது, கூட்டத்தோடு சேர்ந்து சுழல் படிக்கட்டில் ஏறிவிடாதீர்கள். அப்பா அம்மாவோடு போகும்போது பஸ்ஸே மேல், ஊரும் கண்ணுக்குத் தெரியும். மெட்ரோவிலேயே வெளியே பார்க்க வேண்டுமென்றால் 6-ஆம் லைனில் பாசியிலிருந்து பிர் ஹக்கீம் பக்கம் போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள், ரயில் ஆற்றைக் கடக்கும்போது ஈஃபில் கோபுரம் முழுசாகத் தெரியும்.

திருட்டைப் பற்றிப் பயமுறுத்த விருப்பமில்லை, ஆனால் அது எந்த நொடியில் நடக்கிறது என்று தெரிந்தால் பாதி ஆபத்து குறையும். கதவு மூடும் மணி ஒலிக்கிற நொடி அது. கதவோரத்து மடக்கு இருக்கையில் உட்கார்ந்து போனைக் கையில் தளர்வாகப் பிடித்திருப்பவரிடமிருந்து பறித்துக்கொண்டு வெளியே குதித்தால் கதவு மூடிவிடும், துரத்த வழியில்லை. ஏறும்போது முன்னால் ஒருவர் திடீரென்று நின்றுவிட, பின்னாலிருந்து இன்னொருவர் நெருக்குவது இன்னொரு வழி. 1-ஆம் லைனிலும் ஆர்இஆர் பி-யிலும் கூடுதல் கவனம் வேண்டும். பை முன்பக்கம் இருக்கட்டும், போன் உள்பையில் இருக்கட்டும். டிக்கெட் மெஷின் பக்கத்தில் “நான் உதவுகிறேன்” என்று வலிய வருகிறவருக்கு “வேண்டாம், நன்றி” என்று சொல்லிவிடுங்கள். குழந்தை டிக்கெட்டைக் கொடுத்துப் பெரியவர் விலையை வாங்கிவிடுவார்கள்.

சில லைன்களில் கதவு தானாகத் திறக்காது, பிளாட்பாரம் வந்ததும் பட்டனை அழுத்த வேண்டும் அல்லது கைப்பிடியை மேலே தூக்க வேண்டும். கூட்டம் ஏறினால் மடக்கு இருக்கையிலிருந்து எழுந்துவிட வேண்டும். வெளியே வரும்வரை அட்டை கையில் இருக்கட்டும், ஆர்இஆர் ஸ்டேஷன்களில் வெளியேறவும் அது வேண்டும்.

இரவில் கடைசி மெட்ரோ சுமார் 1.15 மணிக்குக் கடைசி ஸ்டேஷனைப் போய்ச் சேரும், வெள்ளி, சனி இரவுகளில் 2.15. இது ரயில் போய்ச் சேரும் நேரம், உங்கள் ஸ்டேஷனை அதற்கு முன்பே கடந்திருக்கும். வேலைநிறுத்தம் என்று செய்தி வந்தால் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் 1, 4, 14 ஆகிய லைன்களை நம்பித் திட்டம் போடுங்கள், மற்றவை நின்றாலும் அவை பெரும்பாலும் ஓடும். கோடையில், அதுவும் ஆகஸ்டில், தண்டவாள வேலைக்காகச் சில பகுதிகளை வாரக்கணக்கில் மூடுவார்கள். அறை எடுப்பதற்கு முன்பே அந்த ஸ்டேஷன் திறந்திருக்குமா என்று ஆப்பில் பார்த்துவிடுங்கள்.