வளர்ந்த பிறகும் காமிக்ஸ், கார்ட்டூன், பொம்மை: ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்பது வயதில் கார்ட்டூன் பார்ப்பவரையும், லெகோ கட்டைகளை அடுக்குபவரையும், பொம்மை சேர்ப்பவரையும் பார்த்து மற்றவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இந்த வயதிலுமா?" கேட்டவர் அடுத்த நிமிடமே அதை மறந்துவிடுகிறார். கேட்கப்பட்டவரோ பல ஆண்டுகள் மனத்துக்குள் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இத்தகைய ரசிகர்கள் செய்யும் தவறுகளில் பாதி, அந்தப் பதிலைத் தேடும் பதற்றத்திலிருந்து பிறப்பவை. மீதிப் பாதி, இந்த ரசனையில் குழந்தைகளுக்கும் பங்கு உண்டு என்பதை மறந்துவிடுவதால் வருபவை. இரண்டாவது வகைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஆனால் முதல் வகையைப் பேசாமல் அங்கே போக முடியாது.

கூனிக் குறுகிப் பேசுவது

"பிள்ளைக்கு வாங்கினேன்." "யாரோ கொடுத்தது, சும்மா கிடக்கிறது." அலமாரியில் நிற்கும் ரோபோவைப் பார்த்து விருந்தாளி புருவத்தை உயர்த்தியதும் வாயில் வந்துவிழும் பதில்கள் இவை. உண்மையில் அந்த விருந்தாளிக்கு இந்த விஷயத்தில் உறுதியான கருத்து எதுவும் இருப்பதில்லை. எப்படி எடுத்துக்கொள்வது என்பதை நம் குரலிலிருந்துதான் அவர் கற்றுக்கொள்கிறார். நாம் குற்றவாளிபோல் பேசினால் அவர் நீதிபதியாகிவிடுகிறார். "எனக்கு இது ரொம்பப் பிடிக்கும், வெகுநாளாகச் சேர்க்கிறேன்" என்று இயல்பான குரலில் சொல்லிப் பாருங்கள். பேச்சு தானாக அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். சில வேளைகளில் அவரே தான் ரகசியமாகப் பார்க்கும் கார்ட்டூனின் பெயரைச் சொல்வார்.

"பிள்ளைக்கு வாங்கினேன்" என்ற பொய்யில் இன்னொரு கேடும் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு அது பொய் என்று தெரியும். பிடித்த ஒன்றை வெளியாள் முன்னால் மறைக்க வேண்டும் என்ற பாடத்தை அது அந்த நொடியில் கற்றுக்கொள்கிறது.

சிறுபிள்ளைத்தனம் எது என்பதை முடிவுசெய்யும் கோடு ஒரே இடத்தில் நின்றதே இல்லை. 1697இல் சார்ல் பெரோ வெளியிட்ட தேவதைக் கதைகள், பாரிஸ் நகரத்து வரவேற்பறைகளில் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி மகிழ்ந்த கதை வகையைச் சேர்ந்தவை. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் திரட்டிய நாட்டுப்புறக் கதைகளின் முதல் தொகுதி 1812இல் ஆய்வுக் குறிப்புகளோடு வந்தது. இது குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அன்று குறை சொன்னார்கள். எதிர்த் திசையிலும் பயணம் நடந்திருக்கிறது. துண்டுகளைப் பொருத்தும் ஜிக்சா புதிர், 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வரைபடங்களைப் பலகையில் ஒட்டி, நாடு நாடாக அறுத்து விற்ற பாடப்பொருள். குழந்தைகள் புவியியல் படிப்பதற்காகச் செய்யப்பட்டது அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரியவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தின்போது அமெரிக்காவில் வாரத்துக்கொரு புதிர் வாங்கி வீடே உட்கார்ந்து பொருத்தியது. ஆயிரம் துண்டுப் புதிரோடு அமர்ந்திருக்கும் பெரியவரை இன்று யாரும் கேலி செய்வதில்லை.

முட்டுக்கொடுக்கப் பெரிய பெயர்களையும் கனமான காரணங்களையும் தேடுவது

கூச்சம் போனதும் பலர் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள். ஆங்கில நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடும் போருக்கு விதிகள் எழுதி நூலாக வெளியிட்டார். வால்ட் டிஸ்னி 1950இல் தன் வீட்டுத் தோட்டத்தைச் சுற்றி, தானே ஏறி அமர்ந்து ஓட்டும் அளவுள்ள குட்டி ரயில்பாதை ஒன்றைப் போட்டார். இரண்டும் உண்மை. கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இவர்களைக் கேடயமாகத் தூக்கிப் பிடித்தால் "நீ வெல்ஸா?" என்று எதிராளி கேட்பார், அதற்குப் பதில் கிடையாது. ஒருவருக்கு ஒன்று பிடித்திருப்பதற்கு இன்னொருவரின் புகழ் சான்றாக முடியாது.

இதைவிடப் பரவலானது, "காமிக்ஸ் என்பது குழந்தைகளுக்கானதே அல்ல" என்ற வாதம். யோஷிஹிரோ தட்சுமி 1957இல் பெரியவர்களுக்கான ஜப்பானியச் சித்திரக்கதைகளுக்கு 'கெகிகா' என்று தனிப்பெயர் வைத்தார். யூத இனப்படுகொலையைச் சித்திரக்கதையாகச் சொன்ன ஆர்ட் ஸ்பீகல்மனுக்கு 1992இல் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. இந்த வரிசை நீளமானது, மதிப்புக்குரியது. ஆனால் இதை மட்டும் பேசிக்கொண்டே போனால் விபரீதம் ஒன்று நடக்கிறது. இருளும் ரத்தமும் இருந்தால்தான் மதிப்பு, சிரிப்பும் எளிமையும் இருந்தால் தாழ்வு என்று கேலி செய்பவரின் அளவுகோலையே நாமும் கையில் எடுத்துக்கொள்கிறோம்.

குழந்தைக்காகச் செய்யப்பட்டதாலேயே சில படைப்புகள் உயர்ந்து நிற்கின்றன என்பதை இந்த ரசிகர்கள் துணிந்து சொல்ல வேண்டும். நெதர்லாந்துக்காரர் டிக் புரூனா 1955இல் உருவாக்கிய மிஃபி என்ற முயலைப் பாருங்கள். தடித்த கறுப்புக் கோடு, விரல்விட்டு எண்ணக்கூடிய வண்ணங்கள், கண்ணுக்கு இரண்டு புள்ளிகள், வாய்க்கு ஒரு பெருக்கல் குறி. புத்தகத்துக்குப் பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு வரிப் பாட்டு. முயல் எந்த வேலையில் இருந்தாலும் முகம் வாசகரை நேராகப் பார்க்கும். அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி சற்று மாறினாலும் வருத்தம் வியப்பாகிவிடும். நான்கு வயது வாசகர் மரியாதைக்காகப் பக்கம் திருப்ப மாட்டார். சலித்தால் எழுந்து போய்விடுவார். அவரை உட்கார வைக்கும் கோட்டில் ஒரு மயிரிழைகூட வீணாக இருக்க முடியாது. இந்த வேலையின் நுட்பத்தை ரசிக்க வயதும் அனுபவமும் உதவுகின்றன. சிறுவயதில் கதையை மட்டும் பார்த்த கண், இப்போது கோட்டையும் பார்க்கிறது. "இன்னுமா பார்க்கிறாய்?" என்பவருக்கு ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் இதைச் சொல்லலாம்.

முதலீடு என்று சொல்லி ஏமாறுவது

"இதன் விலை பின்னால் பல மடங்கு ஆகும்." வீட்டாரைச் சமாதானப்படுத்தச் சொல்லத் தொடங்கி, கடைசியில் தாமே நம்பிவிடும் வாசகம் இது. 1938இல் சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய இதழின் விலை பத்து சென்ட். 2024இல் அதன் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஏன் இவ்வளவு? குழந்தைகள் அதைப் படித்தார்கள், கிழித்தார்கள், கைமாற்றினார்கள். பிறகு போர்க்காலத்தில் பழைய காகிதங்களோடு பல இதழ்கள் மறுசுழற்சிக்குப் போயின. இன்று எஞ்சியிருப்பவை சுமார் நூறு பிரதிகள் என்று மதிப்பிடுகிறார்கள். யாரும் பத்திரப்படுத்தாததுதான் அந்த விலைக்குக் காரணம்.

இந்தக் காரணத்தை மறந்தவர்கள் 1990களில் அடிபட்டார்கள். 1991இல் எக்ஸ்-மென் என்ற சூப்பர்ஹீரோ காமிக்ஸ் வரிசையின் புதிய முதல் இதழ் ஐந்து வெவ்வேறு அட்டைகளோடு வந்து 80 லட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்றது. வாங்கியவர்கள் உறையிலிட்டு அப்படியே வைத்தார்கள். எல்லோரிடமும் புத்தம் புதிதாக இருக்கும் பொருளை யார் அதிக விலைக்கு வாங்குவார்? அந்தச் சூதாட்டம் கலைந்தபோது எத்தனையோ காமிக்ஸ் கடைகள் மூடப்பட்டன. அதே பத்தாண்டின் இறுதியில் பீனி பேபிஸ் என்ற துணிப்பொம்மைகளுக்கும் இதே கதிதான். சேகரிப்பாளருக்கென்றே அச்சிடப்பட்டு விற்கப்படும் எதையும் முதலீடாக நினைக்காதீர்கள். பிடித்தால் வாங்குங்கள், பெட்டியைத் திறங்கள்.

குழந்தைகளின் இடத்தை எடுத்துக்கொள்வது

என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நம்மிடம் பணம் இருக்கிறது, வண்டி இருக்கிறது, கடை திறக்கும் நேரம் தெரியும். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இவை எதுவும் இல்லை. 2021இல் போகிமான் என்ற ஜப்பானிய விளையாட்டு வெளிவந்து 25 ஆண்டுகள் ஆனதைக் கொண்டாட, அமெரிக்காவில் ஒரு துரித உணவு நிறுவனம் குழந்தைகளுக்கான சாப்பாட்டுப் பெட்டியில் போகிமான் அட்டைகளை வைத்தது. பெரியவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிச் சென்றார்கள். அதே ஆண்டு மே மாதம், விளையாட்டு வீரர்களின் படம் போட்ட சேகரிப்பு அட்டைகளுக்காகக் கடை வாசலில் அடிதடி நடந்து, ஒரு பெரிய சில்லறை விற்பனை நிறுவனம் கடைகளில் அவற்றோடு போகிமான் அட்டைகளையும் விற்பதையே சில காலம் நிறுத்தியது. ரசிகர்கள் இதை "மறுவிற்பனைக்காரர்களின் வேலை" என்று தட்டிக்கழிப்பதை நான் ஏற்கவில்லை. அலமாரியில் கடைசியாக ஒன்று இருந்து, பக்கத்தில் ஒரு குழந்தையும் நின்றால், அது குழந்தைக்குத்தான். இதில் விவாதமே வேண்டாம்.

பெரியவர்களுக்கென்று தனி இடம் இல்லாமலும் இல்லை. லெகோ நிறுவனம் 2020 முதல் பெரியவர்களுக்கான பெட்டிகளில் 18+ என்று அச்சிடுகிறது. கருநிறப் பெட்டி, ஆயிரக்கணக்கான துண்டுகள், வாரக்கணக்கில் வேலை. நமக்கென்று செய்யப்பட்டது இவ்வளவு இருக்கும்போது மற்றதை விட்டுக்கொடுப்பது கடினமல்ல.

இணையத்தில் எல்லை இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். 2010இல் தொடங்கிய மை லிட்டில் போனி கார்ட்டூன் வரிசைக்கு வளர்ந்த ஆண்கள் பெருந்திரளாக ரசிகர்களானார்கள். அவர்களில் பெரும்பாலோர் அன்பானவர்கள், நிதி திரட்டி நற்பணிகள் செய்தவர்கள். ஆனால் குழந்தைகள் தேடும் அதே பெயர்களின் கீழ் வயதுவந்தோருக்கான ஓவியங்களும் குவிந்தபோது, மொத்தக் கூட்டத்தின்மீதும் சந்தேகம் விழுந்தது. அந்தச் சந்தேகத்தை வெறும் தப்பெண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். பெற்றோருக்கு அஞ்சக் காரணம் இருந்தது. குழந்தைகள் வரக்கூடிய இடத்தில் பெரியவர் விஷயங்களை இடாதீர்கள். முன்பின் தெரியாத குழந்தையோடு தனிச்செய்தியில் பேசாதீர்கள்; பேச வேண்டியிருந்தால் பெற்றோர் பார்க்கும் இடத்தில் பேசுங்கள். கண்காட்சியில் உங்கள் படைப்பை வைத்தால், தொடக்கூடாதவற்றோடு தொடக்கூடிய ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள்.

இன்னொன்று, திருத்துவது. ஒரு குழந்தை வில்லனை நல்லவன் என்கிறது, பாத்திரத்தின் பெயரை மாற்றிச் சொல்கிறது, வரிசையில் மூன்றாவது படத்தை முதல் படம் என்கிறது. நமக்கு வாய் துடிக்கும். விட்டுவிடுங்கள். கேட்டால் சொல்லலாம். அது தன் கதையை நம்மிடம் சொல்ல வந்திருக்கிறது. தேர்வு எழுத வரவில்லை.

"என் பால்யத்தையே கெடுத்துவிட்டார்கள்" என்று பாய்வது

புதிய படம் வரும், முகங்கள் மாறும், குரல் மாறும். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று எழுதுவது வாசகரின் உரிமை. அதைத் தாண்டி, அதில் வேலை செய்தவர்களைத் துரத்தித் துரத்தி ஏசுவது கொடுமை. 1999இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற வேடிக்கைப் பாத்திரத்தை ஏற்ற நடிகர் அகமது பெஸ்ட், அன்று தன்மீது பொழிந்த வெறுப்பால் உயிரை மாய்த்துக்கொள்ளும் விளிம்புவரை போனதை 2018இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பாத்திரம் சிறுவர்களைச் சிரிக்க வைப்பதற்காக உருவானது. அன்று சிரித்த சிறுவர்கள் வளர்ந்து, 2023இல் அவர் வேறொரு பாத்திரமாக அதே உலகுக்குத் திரும்பியபோது மனமார வரவேற்றார்கள். நமக்குக் கசக்கும் பதிப்புதான் வேறொரு பிள்ளைக்கு முதல் பதிப்பு.

பாதுகாப்பில் கோட்டை விடுவது

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வெயில் படும் ஜன்னல் ஓரம் எதற்கும் ஆகாது: லெகோ போன்ற ஏபிஎஸ் பிளாஸ்டிக் புற ஊதாக் கதிர் பட்டு மஞ்சளாகும், அட்டைகளின் மை வெளுக்கும். மென்மையான பிவிசி பொம்மைகளில் கலந்துள்ள நெகிழ்வூட்டி நாளடைவில் மேற்பரப்புக்குக் கசிந்து பிசுபிசுக்கும். காற்றே புகாத பெட்டியில் பூட்டி வைத்தால் பிசுபிசுப்பு கூடும். பழைய காமிக்ஸ் காகிதம் அமிலத்தன்மை உடையது, வெப்பமும் ஈரமும் அதை வேகமாக நொறுக்கும். அட்டைக்கும் இதழுக்கும் பிவிசி உறை வேண்டாம், பாலிப்ரோப்பிலீன் உறை நல்லது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டவே கூடாது. பேட்டரியில் ஓடும் பொம்மையை அலமாரியில் வைக்குமுன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்த காரம் உள்ளே இருக்கும் உலோகத் தகட்டை அரித்துவிட்டால் பொம்மை மீண்டும் பேசாது.

வீட்டாரிடம் கணக்கை மறைப்பது

துணைவருக்கு இந்த ரசனை பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் எவ்வளவு செலவாகிறது, எவ்வளவு இடம் போகிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும். மறைத்து வாங்கும் பெட்டி ஒருநாள் வெளியே வரும். அப்போது நடக்கும் சண்டை பொம்மையைப் பற்றியதாக இருக்காது. மாதத்துக்கு இவ்வளவு பணம், வீட்டில் இத்தனை அலமாரி என்று இருவரும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்யுங்கள். அலமாரி நிறைந்தால் ஒன்று வெளியே போன பிறகே இன்னொன்று உள்ளே வர வேண்டும்.

சேர்த்தவற்றுக்கு ஒரு பட்டியலும் வேண்டும். எந்தப் பெட்டியில் எது இருக்கிறது, உதிரிப் பாகங்கள் எங்கே, எதை விற்கலாம், எவரிடம் விசாரித்து விற்க வேண்டும், எது எந்தக் குழந்தைக்குப் போக வேண்டும் என்று எழுதி, வீட்டில் உள்ளவர்களுக்கு அந்தத் தாள் இருக்கும் இடத்தையும் சொல்லிவையுங்கள். பெரிய சேகரிப்புகள் பல, வைத்திருந்தவர் காலமானதும் எடைக்குப் போயிருக்கின்றன. வீட்டாருக்கு அக்கறை இல்லாததால் அல்ல. எது என்னவென்று அவர்களிடம் யாரும் சொல்லி வைக்காததால்.