கர்ப்பகாலச் சிறுநீர் கல்ச்சர்: மாதிரி கொடுப்பதும் மருந்து எடுப்பதும்

கர்ப்பவதிகளில் நூற்றுக்கு 2 முதல் 10 பேர் வரை, எரிவோ காய்ச்சலோ இல்லாமலே சிறுநீரில் பற்றீரியாவைக் கொண்டிருக்கலாம். கவனியாது விட்டால் அது சிறுநீரகம் வரை பரவித் தாயைக் கடுமையாக நோயுறச் செய்யும். கிளினிக்கில் பார்க்கும் சாதாரணச் சிறுநீர் அறிக்கை சந்தேகத்தை மட்டுமே எழுப்பும். எந்தக் கிருமி, அதை எந்த மருந்து கொல்லும் என்பதை, சிறுநீரிலுள்ள கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைதான் காட்டும்.

மாதிரி பிழைத்தால் எல்லாமே பிழைக்கும். ஆய்வுகூடம் தரும் கிருமிநீக்கிய போத்தலையே பயன்படுத்துங்கள். கொதிநீரில் கழுவிய ஜாம் போத்தல் உதவாது. கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, பிறப்புறுப்பை முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் சுத்தம் செய்து, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, இடையில் வருவதைப் போத்தலில் ஏந்த வேண்டும். மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது.

யாழ்ப்பாணத்து வெக்கையில் போத்தலுக்குள் கிருமிகள் விரைவாகப் பெருகிவிடும் என்பதால், ஒரு மணி நேரத்துக்குள், பிந்தினாலும் இரண்டு மணி நேரத்துக்குள், அதை ஒப்படைக்க வேண்டும். நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் வரும் தாய் வீட்டிலிருந்து மாதிரி சுமந்து வருவதைவிட, ஆய்வுகூடத்திலேயே கொடுப்பது எவ்வளவோ மேல்.

அறிக்கையில் மருந்தின் பெயருக்கு எதிரே ‘எஸ்’ என்றிருந்தால் கிருமி அதற்கு அடங்கும். ‘ஆர்’ என்றால் எதிர்த்து நிற்கும். ஆனால் ‘எஸ்’ என்பதற்காக அதைப் பாமசியில் நீங்களாகவே வாங்கிவிடாதீர்கள். சிப்ரோபுளொக்சசின், டொக்சிசைக்கிளின் போன்றவை கர்ப்பத்தில் பொதுவாகத் தவிர்க்கப்படுபவை. நைட்ரோபுரன்டொயின் பிரசவம் நெருங்கும்போது ஏற்றதல்ல. ஈ.எஸ்.பி.எல். வகைக் கிருமியென்று எழுதியிருந்தால், பெனிசிலின் குடும்ப மருந்துகள் பலவற்றை அது சிதைத்துவிடும் என்பதால், வைத்தியரைச் சந்திக்கத் தாமதிக்க வேண்டாம். அயல்வீட்டுத் தங்கைக்குச் சுகம் கொடுத்த குளிசை உங்களுடைய கிருமியைக் கொல்லும் என்று நம்புவதற்கு எந்த நியாயமும் இல்லை.

தந்த குளிசைகளை, உடம்பு நன்றாக இருந்தாலும், சொன்ன நாள்வரை எடுத்து முடியுங்கள். பின்னர் மறு கல்ச்சர் எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குரூப் பி ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பற்றீரியா கல்ச்சரில் வளர்ந்திருந்தால், இப்போது மருந்து எடுத்திருந்தாலும் அது மீண்டும் குடியேறக்கூடும். ஆகவே பிரசவ வலியின்போது நாளத்தினூடாகப் பெனிசிலின் ஏற்றி, பிறக்கும்போது அது தொற்றாமல் குழந்தையைக் காப்பார்கள். பிறப்புக்கு நான்கு மணி நேரம் முன்பாவது அந்த மருந்து தொடங்கப்படுவது நல்லது. இந்தக் கல்ச்சர் முடிவையும், பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் அதையும், கர்ப்பவதிப் பதிவேட்டில் எழுதுவித்து, பிரசவ விடுதிக்குள் நுழைந்தவுடனேயே தாதியிடம் வாயாலும் சொல்லுங்கள்.