அமெரிக்க வெளியுறவு வரலாற்றைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க வெளியுறவுக் கொள்கை பற்றிய பேச்சு வந்தால் பெரும்பாலும் இரண்டே குரல்கள்தான் கேட்கும். உலகத்தின் எந்த மூலையில் எது நடந்தாலும் வாஷிங்டனில் உட்கார்ந்து யாரோ திட்டம் போட்டார்கள் என்பது ஒரு குரல். ஜனநாயகத்தைக் காப்பாற்றத்தான் போனார்கள் என்பது இன்னொன்று. எதிரும் புதிருமாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நினைப்பு. அமெரிக்கா என்பது ஒரே ஆள், அந்த ஆளுக்கு ஒரே மனசு, தான் செய்வது என்னவென்று அந்த ஆளுக்கு நன்றாகவே தெரியும். ஆவணங்களைப் புரட்டத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே இது ஆட்டம் கண்டுவிடும். இந்த வரலாற்றில் நாம் செய்கிற மற்ற பிழைகளில் பாதி, இந்த நினைப்பிலிருந்துதான் கிளைக்கிறது என்பது என் எண்ணம்.

1962 அக்டோபரில் நடந்த கியூபா ஏவுகணை நெருக்கடியை எடுத்துக்கொள்வோம். வழக்கமான கதை எல்லோருக்கும் தெரியும். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள், அதிபர் கென்னடி கடலில் கப்பல்களை நிறுத்தி வழிமறித்தார், கொஞ்சமும் இறங்கி வரவில்லை, கடைசியில் சோவியத் தலைவர் குருஷேவ் பயந்து பின்வாங்கினார். இதைப் படித்த எவரும் எடுத்துக்கொள்ளும் பாடம், உறுதியாக நின்றால் எதிரி பணிவான் என்பதுதான்.

இந்தக் கதையில் துருக்கி இல்லை. அமெரிக்கா துருக்கியில் 15 ஜூபிடர் ஏவுகணைகளை நிறுத்தி வைத்திருந்தது. அக்டோபர் 27, சனிக்கிழமை, குருஷேவின் கடிதம் ஒன்று மாஸ்கோ வானொலியில் வாசிக்கப்பட்டது. துருக்கியில் இருப்பதை நீங்கள் எடுங்கள், கியூபாவில் இருப்பதை நாங்கள் எடுக்கிறோம் என்றது அது. கென்னடியின் ஆலோசகர்களில் பெரும்பாலோர் ஒத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள். வெளியிலிருந்து பார்க்கிற எவருக்கும் இது நியாயமான பேரமாகத்தானே தெரியும் என்று விடாமல் கேட்டவர் கென்னடிதான். அது அவருடைய ரகசிய ஒலிப்பதிவிலேயே இருக்கிறது. அதே நாளில் கியூபாவின் மேல் பறந்த யூ-2 உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, விமானி ருடால்ஃப் ஆண்டர்சன் இறந்தார். இரவு, அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டோப்ரினினைத் தன் அலுவலகத்துக்கு வரவழைத்தார். நான்கைந்து மாதங்களில் துருக்கி ஏவுகணைகள் போய்விடும், ஆனால் இது வெளியே தெரியக் கூடாது என்றார். நெருக்கடி ஓய்ந்தபின் சோவியத் தரப்பு இந்த ஏற்பாட்டைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தபோது, ராபர்ட் அதை வைத்துக்கொள்ளக்கூட மறுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1963 ஏப்ரலில் ஜூபிடர்கள் சத்தமில்லாமல் துருக்கியை விட்டுப் போயின.

விஷயம் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். துணை அதிபர் ஜான்சன் அவர்களில் இல்லை. ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் அட்லாய் ஸ்டீவன்சன், துருக்கியைப் பேரத்தில் சேர்க்கலாம் என்று தொடக்கத்திலேயே சொன்னவர். அதற்காக அந்த டிசம்பரில் ஒரு பிரபல வார இதழ் அவரைக் கோழையாகக் காட்டியது. பேரத்தை முடித்தவர்கள் வாய் திறக்கவில்லை. ராபர்ட் கென்னடி இறந்தபின் வெளிவந்த அவருடைய நினைவுக் குறிப்பிலும் இந்த உடன்பாடு வெளிப்படையாக இல்லை. அந்த இடத்தைத் திருத்தியது தான்தான் என்று, அதைப் பதிப்பித்த டெட் சோரன்சன் 1989-இல் மாஸ்கோவில் நடந்த மாநாட்டில் ஒப்புக்கொண்டார்.

ஏறக்குறைய 27 ஆண்டுகள் உலகம் பாதிக் கதையைத்தான் படித்தது. அந்தப் பாதிக் கதையோடுதான் ஜான்சன் 1963 நவம்பரில் அதிபரானார். வியட்நாமில் விட்டுக்கொடுத்துப் பேசுவது அவருக்கு அவ்வளவு கடினமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். வரலாற்றைத் தவறாக எழுதினால் ஆட்கள் சாகிறார்கள், அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

ஆகவே ஒரு புத்தகத்தையோ கட்டுரையையோ கையில் எடுத்ததும் அது எந்த ஆண்டு எழுதப்பட்டது, அப்போது எந்த ஆவணங்கள் திறந்திருந்தன என்று பாருங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். அரசே வெளியிட்டது என்றால் முழுமையாக இருக்கும் என்று நம்புவதும் ஆபத்து. அமெரிக்க வெளியுறவுத் துறை 1861-இலிருந்து தன் ஆவணங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டு வருகிறது. 1951 முதல் 1954 வரையிலான ஈரான் விவகாரங்களுக்கான தொகுதி 1989-இல் வந்தது. பிரதமர் மொசாதெக்கைக் கவிழ்த்ததில் சி.ஐ.ஏ.வுக்கு இருந்த பங்கு அதில் இல்லை! அறிஞர்கள் கொதித்துப்போனார்கள். அந்தத் தொகுதிகளுக்கான ஆலோசனைக் குழுவின் தலைவராக இருந்த வரலாற்றாசிரியர் வாரன் கோஹன் பதவி விலகினார். அதன் விளைவாக, 30 ஆண்டுகளுக்குள் முழுமையான, நம்பகமான தொகுப்பை வெளியிட வேண்டும் என்று 1991-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டமே கொண்டுவந்தது. அப்படியும் விடுபட்ட ஈரான் ஆவணங்களைக் கொண்ட தொகுதி வெளியாக 2017 ஆகிவிட்டது.

அந்த ஈரான் ஆவணங்கள், எல்லாம் தெரிந்த, எதையும் சாதிக்கிற சி.ஐ.ஏ. என்ற பிம்பத்தையும் உடைக்கின்றன. 1953 ஆகஸ்ட் 15 இரவு நடந்த முதல் முயற்சி தோற்றது. மன்னர் ஷா நாட்டை விட்டே ஓடிவிட்டார். முயற்சி தோற்றுவிட்டது, இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்ற ரீதியில் 18-ஆம் தேதி தலைமையகத்திலிருந்து செய்தி போனது. மறுநாள் தெஹ்ரான் தெருக்களில் கூட்டம் திரண்டு, ராணுவமும் சேர்ந்து, மொசாதெக் வீழ்ந்தார். அமெரிக்காவின் கை இதில் இருந்ததை மறுக்கவே முடியாது, 2013-இல் சி.ஐ.ஏ.வே ஒப்புக்கொண்டது. ஆனால் கை இருந்தது என்பதும், எல்லாம் அந்தக் கையால் நடந்தது என்பதும் ஒன்றாகிவிடாது. மொசாதெக்குக்கு எதிராக அப்போது ஈரானிலேயே மன்னர் ஆதரவாளர்கள் இருந்தார்கள், தளபதிகள் இருந்தார்கள், முன்பு அவரை ஆதரித்த காஷானி போன்ற மதத் தலைவர்கள் இருந்தார்கள்.

1953-இலிருந்து, ஷாவை வீழ்த்திய 1979 புரட்சிக்கு நேர்கோடு போடுவதும் இதே வகைதான். நடுவில் 26 ஆண்டுகள் இருக்கின்றன. ஷாவின் நிலச் சீர்திருத்தம், அமெரிக்க ராணுவத்தினருக்குத் தரப்பட்ட சட்ட விலக்கை எதிர்த்த மதத் தலைவர் கொமேனி 1964-இல் நாடு கடத்தப்பட்டது, 1972-இல் ஷா கேட்கும் ஆயுதங்களைத் தர நிக்சன் வழிவிட்டது எல்லாம் அந்த இடைவெளியில் நடந்தவை. முடிவு தெரிந்தபின் தொடக்கத்தைப் பார்த்தால் எல்லாமே தவிர்க்க முடியாததாகத் தோன்றும்.

சரி, 1971 வங்கதேசப் போருக்கு வருவோம். நம்மில் பலருக்கும் அமெரிக்க வெளியுறவுக் கொள்கை என்றதும் நினைவுக்கு வருவது வங்காள விரிகுடாவில் நுழைந்த எண்டர்பிரைஸ் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்தான். இந்தியாவைத் தாக்க அமெரிக்கா வந்தது, சோவியத் கப்பல்கள் துரத்தியடித்தன என்று சமூக ஊடகங்களில் ஆண்டுதோறும் சுற்றுகிறது. எண்டர்பிரைஸ் வந்தது, சோவியத் கப்பல்கள் பின்தொடர்ந்தன, இரண்டும் உண்மை. ஆனால் வெளிவந்திருக்கும், அதிபர் நிக்சனும் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிஸிஞ்சரும் பேசிய உரையாடல்களில் தெரிவது வேறு கணக்கு. நட்பு நாடான பாகிஸ்தானைக் கைவிட மாட்டோம் என்று மாஸ்கோவுக்கும் பீஜிங்குக்கும் காட்ட வேண்டும், கிழக்கில் வென்ற இந்தியா மேற்குப் பாகிஸ்தான் பக்கம் திரும்பாமல் தடுக்க வேண்டும். கப்பல் விரிகுடாவில் நுழைந்தது டிசம்பர் 15. மறுநாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்துவிட்டது.

கப்பலையே பார்த்துக்கொண்டிருப்பதில் நாம் தவறவிடுவது டாக்காவிலிருந்து போன ஒரு தந்தியை. மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் தொடங்கிய படுகொலையை அங்கிருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட் நேரில் பார்த்து, நாள்தோறும் அறிக்கை அனுப்பினார். வாஷிங்டன் அசையவில்லை. ஏப்ரல் 6-ஆம் தேதி, அமெரிக்க அரசின் ஊழியர்கள் 20 பேர் தங்கள் அரசின் கொள்கையையே கண்டித்துக் கையெழுத்திட்ட தந்தி போனது. நம் அரசு ஒழுக்கத்தில் திவாலாகிவிட்டது என்று பலர் கருதுவார்கள் என்ற அளவுக்கு அதில் எழுதினார்கள். பிளட் அதை ஆதரித்தே அனுப்பினார், விரைவில் டாக்காவிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். அந்த ஏப்ரல் கடைசியில் கிஸிஞ்சர் அனுப்பிய குறிப்பில், இப்போதைக்குப் பாகிஸ்தான் அதிபர் யாஹ்யாவை நெருக்க வேண்டாம் என்று நிக்சன் தன் கையாலேயே எழுதினார். காரணம் ஜூலையில்தான் வெளியே வந்தது. சீனாவுடன் பேசுவதற்கான ரகசியப் பாதை யாஹ்யா கான் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. பாகிஸ்தான் வந்த கிஸிஞ்சர், வயிற்றுக் கோளாறு என்று சொல்லிவிட்டு அங்கிருந்துதான் பீஜிங்குக்குப் பறந்தார்.

இதில் எது அமெரிக்கா? நிக்சனா, பிளட்டா, ஆகஸ்டில் அகதி முகாம்களுக்கு வந்து பார்த்துவிட்டுப் போய்த் தன் நாட்டு அதிபரை வெளுத்து வாங்கிய செனட்டர் எட்வர்ட் கென்னடியா? கொள்கையை முடிவு செய்தது நிக்சன், பழியும் அவரைத்தான் சேர வேண்டும். அதற்காக மற்றவர்களை அழித்துவிட்டு எழுதினால், அந்த முடிவு தெரியாமல் எடுக்கப்பட்டது என்று நிக்சனுக்கே நாம் சாக்கு தேடிக் கொடுத்ததாகிவிடும். அவருக்குத் தெரிந்திருந்தது, சொல்லவும் ஆள் இருந்தார்கள். அதிபர் நினைத்ததுதான் எப்போதும் நடக்கும் என்பதும் கிடையாது. தென்னாப்பிரிக்கா மீதான பொருளாதாரத் தடையை ரீகன் வீட்டோ செய்தபோது, 1986-இல் காங்கிரஸ் அதை மீறிச் சட்டமாக்கியது.

சிறிய நாடுகளை, ஏழை நாடுகளைப் பொம்மைகளாக எழுதுவது இன்னொரு பிழை. 1965, 66 வறட்சியில் இந்தியா அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை நம்பியிருந்தது. ஜான்சன் அந்தக் கோதுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவித்தார். வியட்நாம் போரை இந்தியா விமர்சித்தது அவருக்குப் பிடிக்கவில்லை, இந்தியா வேளாண்மைக்குக் கூடுதலாகச் செலவிட வேண்டும் என்றும் நெருக்கினார். இது அவமானமாகவே இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் பொள்ளாச்சிப் பகுதியில் பிறந்த சி.சுப்பிரமணியம் அப்போது உணவு, வேளாண் அமைச்சர். 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனோடு அவர் ஒரு ரகசிய உடன்பாட்டுக்கு வந்தார். உரம், புதிய விதை, கூடுதல் நிதி என்று அதில் இருந்த பலவும் அவரே செய்ய நினைத்து, உள்நாட்டில் எதிர்ப்பைச் சந்தித்தவை. அமெரிக்க நெருக்கடி அவருக்கு ஒரு நெம்புகோலாகவும் ஆயிற்று. 1966-இல் 18,000 டன் மெக்ஸிகோ கோதுமை விதை வந்து இறங்கியது. வாஷிங்டன் ஆவணங்களை மட்டும் படித்தால் இந்தப் பக்கம் கண்ணிலேயே படாது.

அப்புறம், 1941-இல் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது வரை அமெரிக்கா உலகத்திலிருந்து ஒதுங்கி இருந்தது என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து விட்டுவிடலாம். 1898-இல் ஸ்பெயினோடு போரிட்டுப் புவேர்ட்டோ ரிக்கோவையும் குவாமையும் பெற்று, 2 கோடி டாலர் கொடுத்துப் பிலிப்பைன்ஸையும் எடுத்துக்கொண்ட நாடு அது. ஹெய்ட்டியில் 1915 முதல் 1934 வரை அதன் படை இருந்தது. ஒதுங்கியது ஐரோப்பியக் கூட்டணிகளிலிருந்துதான். எண்ணெய்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதும் பாதி வழியில் நின்றுவிடுகிற விளக்கம். 1954-இல் ஈரான் எண்ணெய்க் கூட்டமைப்பில் அமெரிக்க நிறுவனங்களுக்கு 40 சதவீதம் கிடைத்தது, மறுக்க முடியாது. கொரியாவிலும் வியட்நாமிலும் போரிட்டதை அதே சாவியால் திறக்க முடியாது.

கொள்கைகளுக்குச் சூட்டப்பட்ட பெயர்களும் ஏமாற்றும். சோவியத்தைக் கட்டுப்படுத்தி வைக்கும் கொள்கை என்றால் அமெரிக்கத் தூதரக அதிகாரி ஜார்ஜ் கெனன் பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறோம். 1946 பிப்ரவரியில் மாஸ்கோவிலிருந்து நீண்ட தந்தி அனுப்பியதும், மறு ஆண்டு 'எக்ஸ்' என்ற பெயரில் கட்டுரை எழுதியதும் அவர்தான். ஆனால் 1950-இல் வெளியுறவுத் துறை அதிகாரி பால் நிட்ஸா தலைமையில் எழுதப்பட்ட ரகசியத் திட்டமும், அந்த ஜூனில் வெடித்த கொரியப் போரும் சேர்ந்து அதைப் பெரும் ராணுவத் திட்டமாக மாற்றின. சில ஆண்டுகளில் ராணுவச் செலவு மூன்று மடங்குக்கும் மேல் ஏறியது. அதைக் கெனன் ஏற்கவில்லை. 1966-இல் செனட் குழு முன்னால் வியட்நாம் போருக்கு எதிராகச் சாட்சியம் சொன்னவரும் அவரே.

ஈராக் பற்றி எழுதும்போது இவ்வளவையும் மனதில் வைத்துக்கொள்வது அவசியம், ஏனென்றால் அதன் ஆவணங்களில் பெரும்பகுதி இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. 2002 அக்டோபரில் காங்கிரஸ் போருக்கு அனுமதி கொடுத்தது, பிரதிநிதிகள் சபையில் 296-133, செனட்டில் 77-23. அதே மாதம் தயாரான உளவு மதிப்பீட்டில், ஈராக் அணு ஆயுதத் திட்டத்தை மறுபடி தொடங்கிவிட்டது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவு எழுத்தில் மறுத்திருந்தது. ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் யுரேனியம் செறிவூட்டுவதற்கானவை என்பதை எரிசக்தித் துறையின் நிபுணர்களும் ஏற்கவில்லை. 2003 பிப்ரவரி 5-ஆம் தேதி ஐ.நா.வில் பேசிய வெளியுறவு அமைச்சர் காலின் பவல், கருத்து வேறுபாடு உண்டு என்று தொட்டுவிட்டு, பெரும்பாலான நிபுணர்கள் அவை அதற்கானவை என்றே கருதுகிறார்கள் என்றார். மறுப்பு எழுதியது அவருடைய துறைக்காரர்கள்தான். எந்த அமைப்பு எதை ஏற்றது, எதை மறுத்தது என்பதை 2004 ஜூலையில் செனட் உளவுக் குழு வெளியிட்ட அறிக்கை விரிவாகச் சொல்கிறது. அதை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம், ஈராக் போர் பற்றி எதையும் எழுத உட்காரும் முன் குழாய்கள் பற்றிய பகுதியையாவது படித்துவிடுங்கள்.