டிரோன் மேலே இருக்கும்போது வாய் கொடுக்காதீர்கள்: புதிய பைலட்டுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய எந்தக் கடற்கரைக்குப் போனாலும் இந்தக் காட்சி கிடைக்கும். ஒருவர் குனிந்த தலை நிமிராமல் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். சுற்றி நாலு பேர் வாயைப் பிளந்து வானத்தைப் பார்ப்பார்கள். ஐந்தாவது ஆள் தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வருவார். அதற்குப் பிறகு அந்தப் புதியவர் செய்வதெல்லாம் ஏற்கனவே பல பேர் செய்து கெட்ட அதே வேலைகள்தான்.

காற்றின் வேகம், காம்பஸ் சரிபார்ப்பு, பிரொப்பெல்லர் விரிசல் இதெல்லாம் மேனுவலிலேயே இருக்கிறது. இங்கே பேசப்போவது மேனுவலில் இல்லாத விஷயம்: கீழே நிற்கும் மனிதர்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் தூக்குவது

நகரத்தில் டிரோன் பறந்தால் கல்யாண வீடு என்று நினைத்துக்கொள்வார்கள். கிராமத்தில் முதலில் வரும் சந்தேகம், நிலம் அளக்க வந்துவிட்டார்கள் என்பது. அது வீண் சந்தேகமும் இல்லை. நிலமெடுப்புக்கு அளவை செய்ய டிரோன் வருவது இப்போது வழக்கம். பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து 2022 முதல் போராடிக்கொண்டிருக்கும் ஏகனாபுரம் மாதிரி ஊரில் ஏரியைப் படம் எடுக்க ஒருவர் சும்மா டிரோனைத் தூக்கினால், ஊர் கூடி வந்து கேட்பதில் தப்பே கிடையாது.

டீக்கடையில் ஒரு டீ குடியுங்கள். "ஏரியை மேல இருந்து படம் எடுக்கலாம்னு வந்தேன்ணே, யார்கிட்டயாவது சொல்லணுமா?" என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். டெல்டா பக்கம் என்றால் "மருந்து அடிக்கிற டிரோனா? ஏக்கருக்கு எவ்ளோ வாங்குறீங்க?" என்ற கேள்விதான் அதிகம் வரும். சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். அவர் நிஜமாகவே விலை விசாரிக்கிறார்.

தாழ வந்து ஒரே இடத்தில் நிற்பது

கடந்து போகும் டிரோனை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. 15 மீட்டரில் வந்து ஒரு மொட்டை மாடிக்கு நேராக நின்றால்தான் ஆத்திரம் வருகிறது. கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது கீழிருந்து தெரியாது. துணி காயப்போடும் அக்காவுக்கு அது தன்னைத்தான் பார்க்கிறது. வீடுகள் பக்கம் 50 மீட்டருக்குக் கீழே வராதீர்கள், நிற்காதீர்கள். ஃபிரேம் சரிசெய்ய வேண்டுமென்றால் வயல், நீர், வெறும் மணல் இவற்றுக்கு மேலே போய்ச் செய்துகொள்ளுங்கள்.

"என்னை ஏன் படம் எடுத்தே?" என்று கேட்பவருக்குக் காட்ட ஒரு கணக்கு உதவும். 249 கிராம் டிரோன்களில் வழக்கமாக வரும் 24 மி.மீ. வைட் லென்ஸ், 60 மீட்டர் உயரத்திலிருந்து நேர் கீழே பார்த்தால் ஏறக்குறைய 90 மீட்டர் அகலத்தைப் பிடிக்கிறது. 4கே படத்தில் அந்த 90 மீட்டர் 3,840 புள்ளிகளாகப் பிரிகிறது. ஒரு முகத்துக்கு ஆறேழு புள்ளிதான் கிடைக்கும். யாரென்று அடையாளம் தெரியாது. வாயால் விளக்காமல் திரையைக் காட்டுங்கள். ஏர் 3 மாதிரி, தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் 70 மி.மீ. டெலி லென்ஸும் உள்ள டிரோன் வைத்திருப்பவர் இந்தக் கணக்கை எடுக்கவே வேண்டாம். எதிரே இருப்பவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

படித்துறை, குளம், பெண்கள் குளிக்கும் இடம் என்றால் பேச்சே இல்லை. அங்கே கேமரா திரும்பினால், பெண்களின் அந்தரங்கத்தைப் பார்ப்பதையும் படம் எடுப்பதையும் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவு வரைக்கும் போகும்.

டிரோன் காற்றில் நிற்க, ஆளோடு சண்டை பிடிப்பது

எத்தனை முறை சொன்னாலும் புதியவர்கள் விடாத தவறு இது. எரிச்சலூட்டும் தவறும் இதுதான், ஏனென்றால் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வாக்குவாதத்தில் ஜெயிக்க வேண்டும் என்ற வீம்பு மட்டுமே காரணம்.

டிரோன் 300 மீட்டர் தள்ளி, 50 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒருவர் வந்து "யாரைக் கேட்டுப் பறக்கவிடுறே?" என்கிறார். பைலட் அவர் பக்கம் திரும்புகிறார். முதல் கோளாறு இங்கேயே ஆரம்பம்: ரிமோட்டின் ஆன்டெனாவும் அவரோடு சேர்ந்து திரும்பிவிட்டது, நடுவில் அவருடைய உடம்பு வேறு மறைக்கிறது. சிக்னல் பலவீனமாகிறது. அது சுத்தமாக அறுந்தால் டிரோன் தானாகவே ஆர்டிஎச்-சுக்குப் போகும், அதாவது வீடு திரும்பும்.

சிக்னல் தாங்கினாலும் பேட்டரி தாங்காது. பெட்டியில் 34 நிமிடம் என்று போட்டிருப்பான். கடற்காற்றில் 24, 25 கிடைத்தால் பெரிது. "நீங்க யார் சார் கேட்க?", "நான் யாரா?" என்று ஐந்து நிமிடம் ஓடிவிடுகிறது. திரும்பி வர மட்டுமே சார்ஜ் மிச்சம் என்று கணக்குப் போட்டதும் டிரோன் திரையில் எச்சரிக்கை காட்டி, 10 வினாடி எண்ண ஆரம்பிக்கிறது. பீப் சத்தமும் கேட்கிறது, ஆனால் சண்டையில் யார் காதில் விழும்? பத்து முடிந்ததும் அது கிளம்பிவிடுகிறது.

எங்கே வரும்? தூக்கிய இடத்துக்கு. தூக்கியபோது அங்கே வெறும் மணல்தான் இருந்தது. இப்போது பதினைந்து பேர் நிற்கிறார்கள், நீங்களும் அந்தக் கோபக்காரரும் நடுவில். அத்தனை தலைகளுக்கு மேலே டிரோன் இறங்குகிறது. "பாரு, வேணும்னே மேல விடுறான்!" என்று ஒரு குரல். ஒருவர் தோளில் கிடந்த துண்டை வீசுகிறார். இன்னொருவர் எட்டிப் பிடிக்கிறார். கை பட்டுச் சாய்ந்ததும் டிரோன் தன்னை நிமிர்த்திக்கொள்ள மோட்டாரை இன்னும் வேகமாகச் சுற்றும். பிடித்தவர் விரல் கிழிவது அந்த ஒரு நொடியில்தான். சந்தேகத்தில் வந்த மனிதர் இப்போது நியாயமான புகார்தாரர்.

இத்தனைக்கும் தேவைப்பட்டது ஒரே ஒரு வாக்கியம். "அண்ணே, ஒரு நிமிஷம். இறக்கிட்டு வந்து பேசுறேன்." குரலில் மரியாதை இருக்க வேண்டும், கண் திரையில் இருக்க வேண்டும். கொங்குப் பக்கம் "அண்ணா", பெரியவர் என்றால் "ஐயா". அவர் மேலே என்ன சொன்னாலும் இதே வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லுங்கள், பதில் சொல்லாதீர்கள்.

சொல்லிக்கொண்டே பாஸ் பட்டனை அழுத்தி டிரோனை நிறுத்துங்கள். பேட்டரி, தூரம், உயரம் மூன்றையும் படியுங்கள். தூக்கிய இடத்துக்குக் கொண்டுவராதீர்கள். கூட்டத்திலிருந்து 15, 20 மீட்டர் தள்ளி ஒரு இரண்டாவது இடத்தைத் தூக்கும் முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். ஆப்பில் ஹோம் பாயின்ட்டை, அதாவது டிரோன் தானாகத் திரும்பி வரும் இடத்தை, அங்கே மாற்றிவிட்டால் நல்லது. நார்மல் மோடில் நொடிக்கு 10 மீட்டர் என்றால் 300 மீட்டர் வர 30 வினாடி. நொடிக்கு 3 மீட்டர் இறங்கினால் 50 மீட்டருக்கு 17 வினாடி. எதிர்க்காற்று இல்லாவிட்டால் நீங்கள் கேட்ட அந்த "ஒரு நிமிஷம்" நிஜமாகவே ஒரு நிமிஷம்தான்.

நடுவில் ரிமோட்டைப் பிடுங்க வந்தால் இழுபறி வேண்டாம். இழுபறியில் ஸ்டிக் அசையும், டிரோன் எங்காவது போய் மோதும். இரண்டு ஸ்டிக்கையும் விட்டுவிட்டால் அது நின்ற இடத்தில் நிற்கும். கூட ஒரு நண்பர் இருந்தால் இந்தக் கட்டமே வராது. அவருக்கு டிரோன் ஓட்டத் தெரிய வேண்டியதில்லை, பேசத் தெரிந்தால் போதும்.

இறக்கி, மோட்டார் நின்று, பேட்டரியைக் கழற்றி, டிரோனின் கைகளை மடித்து, பிறகு அவரிடம் போங்கள். முடிந்தால் அவர் கையிலேயே கொடுங்கள். வானத்தில் இரைந்துகொண்டிருந்த பூதம் 249 கிராம்தான் என்று உள்ளங்கையில் தெரிந்ததும் பாதிப் பேருடைய அடுத்த கேள்வி "இது என்ன விலை தம்பி?" என்பது.

பிள்ளைகளை விரட்டுவது

விரட்டினால் திரும்பி வரும். மணலில் குதிகாலால் ஐந்து மீட்டர் சுற்றுக்கு ஒரு கோடு போடுங்கள். இருப்பதிலேயே அதிகம் சத்தம் போடுகிற பையனைக் கூப்பிட்டு, "கோட்டைத் தாண்டி யாரும் வராம நீதான் பாத்துக்கணும்" என்று பொறுப்பைக் கொடுங்கள். அவனைப் போல காவலாளி கிடைக்க மாட்டான். பிள்ளைகள் முன்னால் டிரோனைக் கையில் பிடித்து மட்டும் இறக்காதீர்கள். அடுத்த முறை அவர்களும் கையை நீட்டுவார்கள்.

"கவர்மென்ட் வேலை" என்று புளுகுவது

அடையாள அட்டை கேட்பார்கள். அவ்வளவுதான்.

போலீஸிடம் விதி படிப்பது

2021 டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. வணிகம் இல்லாமல் பொழுதுபோக்குக்கு மைக்ரோ ஓட்டவும் பைலட் சான்றிதழ் வேண்டாம். டிரோன் மேப்பில் பச்சையாகக் காட்டும் மண்டலத்தில் 120 மீட்டர் வரை அனுமதி கேட்காமல் பறக்கலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை என்றால் 60 மீட்டர். எல்லாம் சரி. ஆனால் எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி ஒரு பகுதியை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக, அதாவது அனுமதியில்லாமல் பறக்கக் கூடாத இடமாக, அறிவிக்கவும் அதே விதிகளில் இடம் இருக்கிறது. நேற்றுப் பச்சையாக இருந்த இடம் இன்று அமைச்சர் வருகையால் சிவப்பு. அது தெரியாமல் காவலருக்குப் பாடம் நடத்துபவர்தான் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

இறக்குங்கள், "சொல்லுங்க சார்" என்று நில்லுங்கள். யுஐஎன் (டிரோனின் தனி அடையாள எண்) பதிவு, வாங்கிய பில், அன்றைய மேப் ஸ்கிரீன்ஷாட், நானோவைவிடப் பெரியது என்றால் மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ்: எல்லாம் நெட் இல்லாமலும் திறக்கிற மாதிரி போனில் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். டிரோனை எடுத்துப்போவதாகச் சொன்னால் எழுத்தில் ரசீது கேளுங்கள், அதுவும் பணிவாக. அணுமின் நிலையமோ படைத் தளமோ உள்ள கல்பாக்கம், தஞ்சாவூர், சூலூர், அரக்கோணம், உச்சிப்புளி பக்கம் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. தஞ்சைப் பெரிய கோவிலைப் பறந்து எடுக்க ஆசைப்படுபவர்கள், அது தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பதோடு ஊரிலேயே விமானப்படைத் தளமும் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

"அழிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு அழிக்காமல் விடுவது

தான் படத்தில் இருப்பதாகச் சொல்பவரிடம் கிளிப்பை ஓட்டிக் காட்டுங்கள். இருந்தால் அவர் கண் முன்னாலேயே அழியுங்கள். மெமரி கார்டில் அழித்தாலும் ஆப், போனில் ஒரு சின்னப் பிரதியைச் சேமித்து வைத்திருக்கும். அதையும் காட்டி அழியுங்கள். போனை அவர் கையில் கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் காலி கார்டோடு போனால், பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துப் புதுச் சண்டை கிளம்பாது.

கோவில் திருவிழா, தேரோட்டம்

வேண்டாம்.

ஆடு, மாடு

சத்தம் கேட்டதும் ஆட்டுமந்தை நாலு திசைக்கும் சிதறும். மேய்க்கிறவர் திட்டுவார். வாங்கிக்கொண்டு, டிரோனை இறக்கி வைத்துவிட்டு, ஓடிப்போன ஆட்டைத் திருப்பி ஓட்டிவரக் கூடப் போங்கள்.