ஞாயிறு வதக்கல், வாரம் முழுவதும் கறி

மாலை ஆறரை மணிக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தையில் வந்து இறங்கி, அதன் பிறகு அடுப்பைப் பற்றவைத்தால் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு எட்டரைக்குத்தான். ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சமைத்தேன். மீன் குழம்பு கொதித்தது வெறும் 15 நிமிடம். மற்ற நேரமெல்லாம் வெங்காயம் உரிப்பதிலும் உள்ளி தட்டுவதிலும் தேங்காய் துருவுவதிலும் போயிருந்தது.

அதனால் முழுக் கறியையும் சமைத்து உறையவைத்துப் பார்த்தேன். அது சரிவரவில்லை. சூடாக்கியபோது தேங்காய்ப்பால் திரிந்ததுபோல் பிரிந்து நின்றது, உருளைக்கிழங்கு பஞ்சாகிவிட்டது. தேங்காய்ப்பாலில் கொழுப்பும் நீரும் கலந்திருக்கின்றன. நீர் பனிக்கட்டியாகும்போது அந்தக் கலவை உடைந்துவிடுகிறது. ஆகவே பால் விடுவதற்கு முந்தைய கட்டத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். வேலை அதிகம் உள்ள பகுதி அதுதான். நன்றாக உறைவதும் அதுதான்.

முதல் படி: வதக்கல்

ஆறு நாளைக்கு, நான்கு பேருக்கு: பெரிய வெங்காயம் 1 கிலோ, தக்காளி அரைக் கிலோ, உள்ளி 100 கிராம், இஞ்சி 50 கிராம், பச்சை மிளகாய் 10, கறிவேப்பிலை இரண்டு பிடி, ரம்பை இலை ஒரு துண்டு, யாழ்ப்பாணக் கறித்தூள் 6 மேசைக்கரண்டி. கடுகும் பெருஞ்சீரகமும் வெடித்தபின் வெங்காயத்தைப் பொன்னிறமாகும்வரை வதக்குங்கள். இதில் அவசரப்பட வேண்டாம். 20 நிமிடமாவது ஆகும். வாரம் முழுவதற்குமான சுவை இந்தச் சட்டியில்தான் இருக்கிறது. பிறகு இஞ்சி, உள்ளி, தக்காளி. தக்காளி கரைந்து எண்ணெய் பிரியும்போது கறித்தூளைப் போட்டு, இரண்டு நிமிடம் கிளறி இறக்குங்கள். உப்பும் புளியும் இப்போது வேண்டாம். மீனுக்கு ஓர் அளவு, கத்தரிக்காய்க்கு வேறு அளவு.

இரண்டாம் படி: ஆறவைப்பது

கொழும்பு வெக்கையில் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. சட்டியோடு மூடி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள். 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் சமையலறை எப்போதும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. அகன்ற தட்டில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் அது பிரீசருக்குள் போயிருக்க வேண்டும். அதற்காகச் சுடச்சுட உள்ளே வைக்கவும் கூடாது. பக்கத்தில் உறைந்திருப்பவை இளகத் தொடங்கும்.

மூன்றாம் படி: பொதி செய்வது

வாய் அழுத்தி மூடும் பிளாஸ்டிக் பை ஆறு எடுங்கள். ஒரு நாள் அளவை ஒரு பையில் இட்டு, காற்றை வெளியேற்றி, விரல் தடிப்புக்குத் தட்டையாக்குங்கள். தட்டையாக இருந்தால் விரைவில் உறையும், விரைவில் இளகும். பையின்மேல் பெயரையும் திகதியையும் எழுதுங்கள். பிரீசர் மறை 18 பாகையில் (-18°C) இருந்தால் மூன்று மாதம்வரை சுவை குறையாது.

தேங்காய்ப்பூவும் இப்படியே. மூன்று தேங்காயை ஒரே இருப்பில் துருவி, அரைத் தேங்காய்க்கு ஒரு பையாக வையுங்கள். வேண்டும்போது இளஞ்சூடான நீர் விட்டுப் பிழிந்தால் பால் நன்றாகவே வரும். சம்பலுக்கு மட்டும் அன்று துருவியதே வேண்டும் என்பது என் கருத்து.

மீனைச் சந்தையில் கடைசியாக வாங்குங்கள். சூரை போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். உறையவைத்தாலும் கொதிக்கவைத்தாலும் அது அழியாது. வீட்டுக்கு வந்தவுடன் கழுவி, நீர் வடித்து, மஞ்சள் தடவி, ஒரு வேளைக்கு ஒரு பொதியாக உறையவையுங்கள். சமைக்கும் நாளில் காலையிலேயே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஒருமுறை வெளியில் இளகிய மீனைத் திரும்ப உறையவைக்கக் கூடாது.

கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்து உறையவைத்தால் பெரிய உதவி. மைசூர்ப் பருப்புக்கு அது தேவையில்லை. எப்படியும் கால் மணி நேரத்தில் வெந்துவிடும். அவித்த முட்டை ரப்பராகிவிடும், வேண்டாம்.

நான்காம் படி: வேலைநாள் மாலை

வதக்கலை உறைந்தபடியே சட்டியில் போட்டு, ஒன்றரைக் கோப்பை கப்பிப்பால் (முதற்பாலுக்குப் பிறகு பிழியும் நீர்த்த தேங்காய்ப்பால்) விடுங்கள். கொதித்ததும் புளி, உப்பு. பிறகு மீன். பத்து நிமிடத்தில் முதற்பாலை விட்டு, ஒரு கொதி வருமுன் இறக்குங்கள். சோறு வேகுமுன் குழம்பு தயார். பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட முடிகிறது. எனக்கு அதைவிடப் பெரிய காரணம் தேவைப்படவில்லை.

மின்வெட்டு நாட்களில்

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். கதவைத் திறக்காவிட்டால் நிறைந்த பிரீசர் ஏறக்குறைய 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும். இடம் மிச்சமிருந்தால் தண்ணீர்ப் போத்தல்களை, உறையும்போது விரிவதற்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு, அடுக்கி நிரப்புங்கள்.

ஊருக்குப் போகும்போது ஒரு கோப்பையில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் பயமில்லை. அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது. எல்லாம் கல்லாக இறுகியிருந்தாலும் எடுத்து வீசிவிடுங்கள்.