போக்கிமான் கார்டு ஆட்டம்: புதுசாக ஆடுபவர்கள் தகராறு பண்ணும் விதிகள்

லீவு விட்டால் போதும், கோயம்புத்தூர் அப்பார்ட்மெண்ட் மொட்டை மாடியிலிருந்து கோபிப் பக்கத்துத் திண்ணை வரைக்கும் போக்கிமான் கார்டு இறங்கிவிடுகிறது. கூடவே தகராறும். கார்டில் அச்சடித்திருக்கும் ஒரு வார்த்தையை அதன் ஜாடையில் இருக்கும் இன்னொரு வார்த்தையாகப் படிப்பதுதான் பெரும்பாலும் காரணம். விதிப்புத்தகம் ஒன்று சொல்லி கார்டு வேறு சொன்னால் கார்டு சொல்வதே செல்லும். அதனால் கார்டை எழுத்துக் கூட்டிப் படிப்பதுதான் முதல் வேலை.

ஆட உட்காரும் முன்

ஆளுக்கு 60 கார்டு டெக் (சீட்டுக்கட்டு). குறையவும் கூடாது, கூடவும் கூடாது. ஒரே பெயரில் 4 கார்டு வரைதான். அட்டாக்குக்குச் சக்தி தரும் பேசிக் எனர்ஜி கார்டுக்கு மட்டும் இந்தக் கணக்கு இல்லை.

இங்கே 'பெயர்' என்பதை முழுசாகப் படிக்க வேண்டும். 'சாரிசார்டு' ஒரு பெயர், 'சாரிசார்டு ஈஎக்ஸ்' வேறு பெயர். இரண்டிலும் நாலு நாலு வைக்கலாம். ஆனால் 'புரொபசர்ஸ் ரிசர்ச்' கார்டில் எந்தப் புரொபசர் படம் போட்டிருந்தாலும் எல்லாம் ஒரே பெயர்தான், மொத்தம் 4.

டேமேஜ் எண்ண டப்பாவில் வரும் கவுண்டர் பத்தாது. பல்லாங்குழிக்கு வைத்திருக்கும் புளியங்கொட்டை ஒன்றுக்கு 10, சோழி ஒன்றுக்கு 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். 330 எச்பி (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) கார்டு மேல் 33 கொட்டையை அடுக்கிப் பார்த்தவர்களுக்குச் சோழியின் அருமை தெரியும். காசு சுண்டும்போது சிங்கம் தலை, எண் பூ என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஆடி மாசமாக இருந்தால் திண்ணையில் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காத்துக்கு டெக் நிற்காது.

முதல் 7 கார்டு

ஆளுக்கு 7 கார்டு எடுங்கள். அதில் பேசிக் போக்கிமான் (நேராகக் களத்தில் இறக்கக்கூடிய முதல் நிலை) ஒன்றுகூட இல்லையென்றால் கையை எதிராளிக்குக் காட்டி, டெக்கில் கலந்து, மறுபடி 7 எடுக்க வேண்டும். இப்படி நீங்கள் கலைத்த ஒவ்வொரு தடவைக்கும் எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுக்கலாம். 'எடுக்கலாம்' என்பதால் வேண்டாமென்றும் விடலாம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பேசிக் வராமல் போனால் அந்தத் தடவைக்கு யாருக்கும் கூடுதல் கிடையாது. முன்னால் நின்று சண்டை போடும் ஆக்டிவ் இடத்தில் ஒன்று, பின்னால் காத்திருக்கும் பெஞ்சில் 5 வரை, எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது எடுக்க ஓரத்தில் பிரைஸ் கார்டு 6.

முதல் முறையில் என்னென்ன கூடாது

'முறை' என்றால் ஒருவர் ஆடும் டர்ன். முதலில் ஆடுபவர் தன் முதல் முறையில் கார்டு எடுக்கலாம், எனர்ஜி ஒன்று வைக்கலாம், ஐட்டம் (பொருள் கார்டு) எத்தனை வேண்டுமானாலும் போடலாம். அட்டாக் கூடாது, சப்போர்ட்டரும் (உதவும் ஆட்கள் கார்டு) கூடாது. இரண்டாவது ஆளுக்கு இரண்டும் உண்டு. எவால்வ் (போக்கிமான் மேல் அதன் அடுத்த நிலைக் கார்டை வைப்பது) மட்டும் முதல் முறையில் இரண்டு பேருக்குமே கிடையாது.

அதற்குப் பிறகும், இந்த முறையில் களத்துக்கு வந்த போக்கிமானை இந்த முறையிலேயே எவால்வ் செய்ய முடியாது. சார்மாண்டரை சார்மீலியன் ஆக்கினால், அதன் மேல் சாரிசார்டை வைக்க அடுத்த முறை வரை பொறுக்க வேண்டும். ஆனால் போன முறையே பெஞ்சில் இருந்த 2 சார்மாண்டரையும் ஒரே முறையில் எவால்வ் செய்யலாம். 'ஒரு முறைக்கு ஒரு எவால்வ்தான்' என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி விதியே இல்லை. சாரிசார்டு ஈஎக்ஸ் கார்டும் சார்மீலியன் மேல்தான் உட்காரும், சாரிசார்டு மேல் இல்லை.

எவால்வ் ஆனால் காயம் ஆறாது. 70 எச்பி சார்மாண்டர் மேல் 5 கொட்டை இருந்தால், 100 எச்பி சார்மீலியன் ஆன பிறகும் அதே 5 கொட்டை இருக்கும். எனர்ஜியும் அப்படியே. தூக்கம், விஷம் மாதிரி நிலைகள் மட்டும் போய்விடும்.

எனர்ஜி: கையிலிருந்து ஒன்று

ஒரு முறைக்கு ஒரு எனர்ஜி என்ற கணக்கு கையிலிருந்து வழக்கமாக வைப்பதற்கு மட்டும். கார்டில் எழுதியிருக்கும் வேலையால் வருவது இதில் சேராது. 2023-இல் வந்த ஆப்சிடியன் ஃப்ளேம்ஸ் தொகுப்பின் சாரிசார்டு ஈஎக்ஸ், கையிலிருந்து எவால்வ் ஆகி இறங்கும்போது டெக்கிலிருந்து 3 நெருப்பு எனர்ஜி வரை எடுத்து வைக்கும். அதே முறையில் உங்கள் வழக்கமான ஒன்றையும் வைக்கலாம்.

அட்டாக் செய்ய எனர்ஜி ஒட்டியிருந்தால் போதும், அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 'டிஸ்கார்ட்' என்று அந்த அட்டாக்கிலேயே எழுதியிருந்தால்தான் போட வேண்டும். ரிட்ரீட்டுக்கு (ஆக்டிவில் இருப்பதைப் பெஞ்சுக்குப் பின்வாங்குவது) அப்படியில்லை, கார்டின் அடியில் எத்தனை நட்சத்திரமோ அத்தனை எனர்ஜி போயே தீரும்.

ரிட்ரீட்டும் சுவிட்சும்

"ஏனுங்க, என்ற பிகாச்சு தூங்குது. அதெப்படிங்க பின்னாடி போகும்?"

ரிட்ரீட் செய்ய முடியாது. தூக்கத்திலோ பாரலைஸிலோ (அசைய முடியாத நிலை) இருப்பதற்கு ரிட்ரீட் இல்லை. 'சுவிட்ச்' என்ற ஐட்டம் கார்டு இருந்தால் தாராளமாகப் போகும், எனர்ஜியும் செலவாகாது, பெஞ்சுக்குப் போனதும் தூக்கமும் கலைந்துவிடும். முறைக்கு ஒரு ரிட்ரீட்தான். அதே முறையில் சுவிட்சும் போடலாம். ரிட்ரீட் செய்தால் முறை முடிந்துவிடாது, முன்னால் வந்த போக்கிமான் அட்டாக் செய்யலாம். முறையை முடிப்பது அட்டாக்தான். அதனால் எனர்ஜி, ஐட்டம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு அட்டாக்கைக் கடைசியில் சொல்லுங்கள்.

டேமேஜ் கணக்கு

தகராறின் தலைமைச் செயலகம் இதுதான். வரிசை மாறினால் விடை மாறும்:

1. அட்டாக்கில் எழுதிய எண்.
2. அடிப்பவர் பக்கத்துக் கூடுதல், குறைவு.
3. வீக்னஸ் (அடிக்கும் வகைக்கு எதிரி பலவீனம் என்றால்): இரண்டால் பெருக்கு.
4. ரெசிஸ்டன்ஸ் (அந்த வகையை எதிரி தாங்கும் என்றால்): 30 கழி.
5. அடி வாங்குபவர் பக்கத்துக் கூடுதல், குறைவு.

அட்டாக் 60. அடிப்பவரிடம் 30 கூட்டும் டூல் (போக்கிமானோடு ஒட்டி வைக்கும் கருவிக் கார்டு) ஒன்று. எதிரிக்கு வீக்னஸ் உண்டு, 20 குறைக்கும் வேலையும் உண்டு. 60-உம் 30-உம் சேர்ந்து 90, இரண்டால் பெருக்கினால் 180, அதில் 20 போக 160. முதலிலேயே 20-ஐக் கழித்துவிட்டுப் பெருக்கினால் 140 வரும். 160 எச்பி போக்கிமான் தப்பாகப் பிழைத்துக்கொள்ளும்.

பெஞ்சில் இருப்பதற்கு வீக்னஸும் ரெசிஸ்டன்ஸும் பார்ப்பதில்லை.

அடுத்தது, 'டேமேஜ்' வேறு, 'டேமேஜ் கவுண்டர்' வேறு. "30 டேமேஜ்" என்றால் மேலே சொன்ன ஐந்து படியும் உண்டு. "3 டேமேஜ் கவுண்டர் வை" என்றால் எந்தப் படியும் இல்லை. 3 கொட்டையை எடுத்து நேராக வைக்க வேண்டியதுதான். வீக்னஸ் பெருக்காது, டேமேஜைக் குறைக்கும் டூலும் தடுக்காது.

ஐந்து நிலைகள்

தூங்கினால் கார்டை இடப்பக்கம் சாய்க்க வேண்டும், பாரலைஸ் என்றால் வலப்பக்கம், குழப்பம் என்றால் தலைகீழ். மூன்றுமே கார்டைத் திருப்புவதால் ஒரு சமயத்தில் ஒன்றுதான் இருக்கும். புதுசு வந்தால் பழசு போகும். விஷத்துக்கும் தீக்காயத்துக்கும் தனி அடையாளம் வைப்பதால் அவை எதனோடும் சேர்ந்திருக்கும். ஒட்டுப்பொட்டை ஒரு ரூபாய்க் காசில் ஒட்டி அடையாளமாக வையுங்கள். கார்டில் ஒட்டினால் உரியும்.

ஒவ்வொருவர் முறையும் முடிந்ததும் செக்கப் (இந்த நிலைகளைச் சரிபார்ப்பது) நடக்கும். எதிராளி முறைக்குப் பிறகும் உண்டு என்பதைத்தான் மறக்கிறார்கள். விஷம் ஒவ்வொரு செக்கப்பிலும் 1 கொட்டை. இரண்டு பேரும் ஒரு சுற்று முடிப்பதற்குள் 2. தீக்காயம் 2 கொட்டை வைத்துவிட்டுக் காசு சுண்டும். தலை விழுந்தால் ஆறும். தூக்கமும் தலை விழுந்தால் கலையும். பாரலைஸுக்குக் காசு கிடையாது: எதிராளி அடித்த உடனே வரும் செக்கப்பில் தீராது, உங்கள் முறை முழுக்க இருந்து அதற்கடுத்த செக்கப்பில் தீரும்.

குழப்பத்துக்கு செக்கப்பில் வேலையே இல்லை. அட்டாக் செய்யும்போது காசு சுண்ட வேண்டும். பூ விழுந்தால் அட்டாக் வீண், தன் மேலேயே 3 கொட்டை. ரிட்ரீட் செய்ய மட்டும் தடையில்லை.

போனில் பழகி வந்தவர்களுக்கு

போக்கிமான் டிசிஜி பாக்கெட் ஆடியவர்கள் மேஜைக்கு வந்ததும் தடுமாறுவது சகஜம். போனில் 20 கார்டு டெக், ஒரே பெயரில் 2, பெஞ்சில் 3, ஜெயிக்க 3 புள்ளி. வீக்னஸ் என்றால் 20 கூடும், எனர்ஜி தானாக வரும். மேஜையில் எனர்ஜியும் டெக்கில் ஒரு கார்டுதான், வராமலும் போகும். முக்கியமாக, முறை ஆரம்பத்தில் எடுக்க டெக்கில் கார்டு இல்லையென்றால் மேஜையில் தோல்வி. அதனால் 7 கார்டு எடுக்கும் சப்போர்ட்டரைக் கடைசிக் கட்டத்தில் எண்ணிப் பார்த்துப் போடுங்கள்.

எழுத்தை நம்பக் கூடாத கார்டுகள்

ஃபேன்சி ஸ்டோரில் சல்லிசாகக் கிடைக்கும் தங்க நிறத் தகடு கார்டுகள் போலி. எச்பியும் அட்டாக் எண்ணும் இஷ்டத்துக்கு இருக்கும். அதை வைத்து விதி படிக்க முடியாது. அசல் கார்டிலும் பழைய அச்சு சிலதின் வாசகம் பின்னால் மாறிவிட்டது. 'ரேர் கேண்டி' அப்படி ஒன்று. பேசிக்கை நேராக இரண்டாம் நிலைக்குத் தூக்கும் அந்த ஐட்டத்தை, இப்போதைய வாசகப்படி முதல் முறையிலும் போட முடியாது, இந்த முறையில் இறங்கிய பேசிக் மேலும் போட முடியாது. அண்ணனுடைய பழைய டப்பாவில் கிடைத்த கார்டு வேறு மாதிரிச் சொன்னாலும் புது அச்சில் இருப்பதுதான் கணக்கு.