இரட்சிப்பும் பலனும்: வசனங்கள் குழம்பும் இடங்கள்

எபேசியர் 2:8-9 இரட்சிப்பை, அதாவது பாவத்திலிருந்து மீட்கப்படுவதை, ‘தேவனுடைய ஈவு’ என்கிறது, கிரியைகளினால் (நம் செயல்களினால்) உண்டானதல்ல என்று கதவையும் சாத்திவிடுகிறது. 2 கொரிந்தியர் 5:10-ஓ கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன்பாக அவனவன் செய்ததற்குத் தக்க பலன் உண்டு என்கிறது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால், இரட்சிப்பு சம்பளமாகிவிடும். அல்லது ஊழியம் வேண்டாத சுமையாகிவிடும்.

அதிகம் அடிபடும் பகுதி 1 கொரிந்தியர் 3. அஸ்திபாரம் கிறிஸ்து. அதன்மேல் பொன், வெள்ளி, விலையேறப்பெற்ற கல் வைத்துக் கட்டலாம். மரம், புல், வைக்கோல் வைத்தும் கட்டலாம். அக்கினி சோதிப்பது ‘வேலைப்பாட்டை’ (வச. 13). கட்டினது வெந்துபோனால் அவன் நஷ்டமடைவான், ‘அவனோ இரட்சிக்கப்படுவான்’ (வச. 15). வேகிறது கட்டடம், கட்டினவன் அல்ல. இதைத் தனி மனிதனின் பாவப் பட்டியலாக வாசிப்பது முதல் தவறு. பவுல் நட்டார், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினார் என்று ஊழியக்காரரைப் பற்றித் தொடங்கிய பேச்சு இது. மற்ற விசுவாசிகளுக்கும் பொருத்தலாம், ஆனால் அது நாம் நீட்டிக்கொள்வது.

அடுத்த தவறு 15-ஆம் வசனத்தோடு வேதத்தை மூடிவிடுவது. ‘ஒருவன் தேவனுடைய ஆலயத்தைக் கெடுத்தால், அவனைத் தேவன் கெடுப்பார்’ என்கிறது 17-ஆம் வசனம். மோசமாகக் கட்டுகிறவன் வேறு, இடிக்கிறவன் வேறு. ஆகையால், எச்சரிப்பு வரும் இடத்திலெல்லாம் ‘பலன்தானே போகும்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நஷ்டமாவது ஆளா, அவன் வேலையா என்று ஒவ்வொரு பகுதியிலும் தனியாகப் பார்க்கவேண்டும்.

‘கிரீடம்’ என்ற சொல்லும் நம்மை ஏமாற்றும். 1 கொரிந்தியர் 9:25-இல் உள்ள கிரேக்கச் சொல் ஸ்தெஃபனோஸ்: பந்தயத்தில் வென்றவனுக்குச் சூட்டும் தழைமாலை. வெளிப்படுத்தல் 19:12-இல் கிறிஸ்துவின் சிரசில் இருப்பவை தியாதேமா, அரச முடிகள். தமிழ் வேதாகமத்தில் இரண்டுமே கிரீடந்தான். விசுவாசிக்குக் கிடைக்கும் தனித்தனிப் பலன்களாக ஐந்து கிரீடங்களைப் பட்டியலிட்டுப் பிரசங்கிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வெளிப்படுத்தல் 2:10 ஜீவகிரீடம் என்கிறது. அடுத்த வசனமே இரண்டாம் மரணத்தைப் பற்றிப் பேசுகிறது. அங்கே கிரீடம் என்பது ஜீவனே என்று பலர் விளக்குகிறார்கள். அந்த விளக்கமே எனக்கும் சரியாகப் படுகிறது.

மத்தேயு 20-இல் உள்ள திராட்சத்தோட்ட வேலைக்காரர் உவமையில், நாள் முடியும் நேரமான பதினோராம் மணிவேளையில் வந்தவனுக்கும், முழுநாளும் உழைத்தவனுக்குக் கொடுத்த அதே ஒரு பணம். ஆகவே பலனில் ஏற்றத்தாழ்வு இல்லை என்றால், லூக்கா 19 இடிக்கும்: எஜமான் கொடுத்த பணத்தைக் கொண்டு பத்து ராத்தல் (பணத்தின் ஓர் அளவு) சம்பாதித்த ஊழியக்காரனுக்குப் பத்துப் பட்டணம், ஐந்து சம்பாதித்தவனுக்கு ஐந்து. மத்தேயு 20-இன் அந்தப் பணம்தான் இரட்சிப்பு என்றால், முழுநாளும் வெயிலைச் சகித்தவன் அதைக் கூலியாகவே வாங்கினான் என்றாகிவிடும். அந்தத் திராட்சத்தோட்ட உவமை ‘எங்களுக்கு என்ன கிடைக்கும்’ என்ற பேதுருவின் கேள்விக்குப் பின்னால் வருகிறது (19:27). ஒருவனோடொருவன் ஒப்பிடும் பார்வையைத்தான் அது கண்டிக்கிறது.

பிலிப்பியர் 2:12-இல் ‘இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்’ என்பது இரட்சிப்பைச் சம்பாதிக்கச் சொல்வதுபோல் தோன்றும். அதற்கு 13-ஆம் வசனமே விளக்கம்: விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவன்.

மனுஷர் காண தர்மம் செய்கிறவர்கள் ‘தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது’ என்கிறது மத்தேயு 6:2. அந்தக் கிரேக்க வினைச்சொல், பணம் முழுதும் பெற்றுக்கொண்டதற்குப் பழைய பற்றுச்சீட்டுகளில் எழுதப்பட்ட சொல். சீட்டு எழுதிக் கொடுத்தாயிற்று, பாக்கி இல்லை.